ஆர்க்கிடெக்சர் மாணவரின் பயிற்சி செமஸ்டர்: டேப் பிடிப்பதிலிருந்து கான்கிரீட் நாள் வரை

பி.ஆர்க் ஐந்தாண்டில் ஒரு செமஸ்டர் அலுவலகப் பயிற்சிக்குப் போகிறது. அந்த மாதங்கள் முழுக்க ஸ்கெட்ச்அப் என்ற 3டி சாஃப்ட்வேரில் மரம் நட்டு, ரெண்டர் படம் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சாஃப்ட்வேரைக் கல்லூரியிலேயே கற்றுக்கொள்ளலாம். வரைந்த கோட்டைப் பார்த்து ஒரு கொத்தனார் சுவர் எழுப்புவதை அலுவலகத்தின் வழியாக மட்டும்தான் பார்க்க முடியும். ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் சைட்டைப் பற்றியவை.

அலுவலகம் தேடும்போது

பெயருக்காக ஐம்பது பேர் வேலை செய்யும் பெரிய நிறுவனத்துக்குப் போவதைவிட, ஐந்தாறு பேர் இருந்து இரண்டு மூன்று சைட் ஓடிக்கொண்டிருக்கும் இடம் முதல் பயிற்சிக்கு நல்லது. நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: இப்போது எந்தெந்த சைட், எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வாரத்துக்கு ஒரு நாளாவது அனுப்புவீர்களா? உதவித்தொகை எவ்வளவு, பஸ் செலவு அதிலா தனியா? கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட வேண்டாம். முதல் நாளே பேசாதது கடைசி மாதத்தில் மனக்கசப்பாகிவிடும்.

அலுவலகத்தை நடத்துபவர் ஆர்க்கிடெக்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவரா என்று அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் முன்கூட்டியே பாருங்கள். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி, பதிவான ஆண்டோடு இருக்கும். பதிவில்லாதவரிடம் எவ்வளவு வேலை கற்றாலும் கல்லூரிக் கணக்கில் அது பயிற்சி ஆகாது. மண் கட்டுமானத்தில் ஆர்வம் என்றால் ஆரோவில் பக்கம் தேடலாம். அங்கே இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் நான்கைந்து மாதம் முன்பே எழுதுங்கள்.

போர்ட்ஃபோலியோ ஒரே பிடிஎஃப், 15 முதல் 20 பக்கம், 10 எம்பிக்குள். அழகான வியூ பத்து இருப்பதைவிட, அளவெல்லாம் போட்ட ஒரு டாய்லெட் டீடெய்லோ, இருக்கும் கட்டடத்தை அளந்து கையால் வரைந்த ஒரு மெஷர்டு டிராயிங்கோ இருந்தால் பார்ப்பவர் அங்கே நிற்பார். அவருக்கு ஆள் தேவைப்படுவது அந்த வேலைக்குத்தான்.

முதல் வாரம் வரும் வேலை: பழைய வீட்டை அளப்பது

புதிதாக வந்தவரிடம் அநேகமாக முதலில் கொடுப்பது இதைத்தான். இருவராகப் போங்கள். 5 மீட்டர் ஸ்டீல் டேப், 30 மீட்டர் நீள டேப், லேசர் மீட்டர், ஏ3 தாள் வைத்த பேடு, இரண்டு நிறப் பேனா, டார்ச், சாக்பீஸ், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் பத்து மீட்டர் டியூப் லெவல் குழாய் ஆகியவை போதும்.

டேப்பை எடுக்கும் முன் வீடு முழுவதையும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிறகு அறைக்கு ஒரு தாள் என்று கையால் பிளான் வரையுங்கள். சுவரை இரட்டைக் கோடாக, தாள் நிறையப் பெரிதாக வரைய வேண்டும். சின்னதாக வரைந்தால் ஜன்னலுக்குப் பக்கத்தில் எண் எழுத இடம் இருக்காது. அலுவலகம் திரும்பியபின் 450 எது, 480 எது என்று முழிக்க நேரும்.

அளவைத் துண்டு துண்டாக எடுக்காதீர்கள். ஒரு மூலையில் டேப்பைப் பிடித்து, அங்கிருந்தே கதவின் தொடக்கம், முடிவு, ஜன்னலின் தொடக்கம், முடிவு, அடுத்த மூலை என்று தொடர் அளவாக எழுதுங்கள். ஐந்து துண்டாக அளந்து ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. பிசகினால், அறை 25 மி.மீ. வரை கூடவோ குறையவோ செய்யும். தொடர் அளவில் ஒரு எண் தவறினால் அந்த ஒன்றோடு தவறு நின்றுவிடும்.

அடுத்தது மூலைக்கு மூலை அளவு. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 5000 மி.மீ. வர வேண்டும். ஒன்று 4960, மற்றொன்று 5040 என்று வந்தால் அறை ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்திருக்கிறது. காகிதத்தில் கண்ணுக்கே தெரியாது. டைல்ஸை 4 மீட்டர் சுவரோடு நேர்பிடித்து ஒட்டினால், 3 மீட்டர் சுவரோரம் வரும் கடைசி வரிசை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் 50 மி.மீ. குறைந்து ஆப்பு மாதிரி வரும். வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்.

கருவிகளிலும் வம்பு உண்டு. ஸ்டீல் டேப்பின் கொக்கி லேசாக ஆடுவது பழுதல்ல. கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகர்ந்தால்தான் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டிப் பிடித்தாலும் அளவு சரியாக வரும். வளைந்த கொக்கியோடு மட்டும் அளக்காதீர்கள். லேசர் மீட்டரில் அளவு கருவியின் பின்பக்கத்திலிருந்தா முன்பக்கத்திலிருந்தா என்று அமைப்பு இருக்கும். அது மாறிக் கிடந்தால் ஒவ்வொரு அளவிலும் கருவியின் நீளம் கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். எனவே முதல் சுவரை லேசரிலும் டேப்பிலும் ஒருமுறை அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் புள்ளியே தெரியாது. வெளிப்புற அளவுக்கு நீள டேப்தான்.

உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் ஏமாறுவீர்கள், பழைய தரை எந்தப் பக்கமாவது இறங்கியிருக்கும். டியூப் லெவலால் எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதிலிருந்து மேலும் கீழும் அளங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். விரலால் மூடிக்கொண்டு பார்த்தால் மட்டம் பொய் சொல்லும்.

மேஸ்திரியும் வீட்டுக்காரரும் அடி, அங்குலத்தில் பேசுவார்கள். உங்கள் டிராயிங் மி.மீட்டரில் இருக்கும். 9 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 9.6 என்று அடித்தால் 2926 வரும். சரியான விடை 2896. இந்த 30 மி.மீ. தவறு அலமாரி செய்யும் ஆசாரியின் கையில்தான் வெளிப்படும்.

வரையும்போது

பிளானில் 230 என்று போடும் சுவர் வெறும் செங்கல்தான். உள்ளே 12, வெளியே 20 மி.மீ. பூச்சு ஏறினால் 262 ஆகிவிடும். செங்கலுக்குச் செங்கல் 1200 மி.மீ. வைத்த டாய்லெட், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து பக்கத்துக்கு 24 மி.மீ. எடுத்துக்கொண்டால் 1152தான். டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்பா பின்பா என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். கிச்சன் கேபினட், வார்ட்ரோப் அளவுகளைப் பூச்சு முடிந்தபின் நேரில் போய் எடுப்பதுதான் முறை.

பிரிண்ட் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஏ1 தாளுக்கு 1:50ல் அமைத்த டிராயிங்கை ஏ3யில் எடுத்தால் அது 1:100. ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' போட்டுவிட்டால் எந்த ஸ்கேலிலும் இருக்காது. தாளில் ஸ்கேல் வைத்து அளந்து யாரும் வேலை செய்துவிடாதபடி எல்லா அளவையும் எண்ணாகவே எழுதுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்கேல் பட்டையும் போடுங்கள்.

திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஆர்1, ஆர்2 என்று எண், தேதி, என்ன மாறியது என்ற ஒரு வரி. புதிய தாளைக் கொடுத்தால் போதாது, பழையதைத் திரும்ப வாங்க வேண்டும். சிமெண்ட் மூட்டைமேல் கிடக்கும் பழைய தாளைப் பார்த்து ஜன்னலை இடம் மாற்றிக் கட்டிய சைட்டுகளுக்குக் கணக்கில்லை.

கான்கிரீட்டுக்கு முந்தைய நாள்

மாடிக்கு ஸ்லாப் போடும் சமயம் சைட்டில் இருக்க முடிந்தால் எப்படியாவது இருங்கள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் வருவதற்கு முந்தைய மாலை பார்ப்பதற்குச் சரியான நேரம். அப்போதுதான் எதையும் அவிழ்த்துத் திருத்த முடியும். கட்டமைப்புப் பொறியாளரின் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி இடைவெளியை ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம். 8 மி.மீ. கம்பி 150 மி.மீ. இடைவெளி என்றிருந்தால், முதல் கம்பியின் நடுவிலிருந்து பதினொன்றாவது கம்பியின் நடுவரை 1500 வர வேண்டும். மூன்று நான்கு இடங்களில், இரண்டு திசையிலும் பாருங்கள். பிறகு குனிந்து, கம்பியைச் சென்ட்ரிங் தகட்டிலிருந்து (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தற்காலிக அச்சு) தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்கைப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456ன்படி சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்கு 20, தூணுக்கு 40, ஃபூட்டிங்குக்கு (தூணின் அடித்தளம்) 50 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் தடிமன். கடலோரத்தில் இன்னும் கூடும். கவர் பிளாக் தீர்ந்துபோய் ஜல்லியைச் சொருகியிருந்தால் அது கான்கிரீட் விழும்போது உருண்டுவிடும். கம்பி சென்ட்ரிங் தகட்டோடு ஒட்டி, சில வருடத்தில் துருப்பிடித்து அடிப்பூச்சைப் பெயர்க்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பால்கனி, சன்ஷேட் போன்ற, ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீண்டிருக்கும் கேண்டிலீவர் பகுதி. அங்கே இழுவிசை மேல்பக்கம் வருவதால் முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் அதன்மேல் நடந்தே கீழே அமுக்கிவிடுவார்கள். கீழே போன கம்பி சுமை தாங்காது. சென்ட்ரிங் பிரிக்கும் அன்றே பால்கனி தொங்கலாம், விழவும் செய்யலாம். கம்பிக்கு அடியில் சேர் (மேல்கம்பியைத் தாங்கும் வளைத்த கம்பி) போதுமான அளவு இருக்கிறதா, நடப்பதற்குப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபேன் பாக்ஸ், ஒயரிங் பைப், குளியலறைப் பகுதிக்கான இறக்கம் ஆகியவை உங்கள் பிளானோடு பொருந்துகிறதா என்பதையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம். டேப்பை வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள்.

தவறு கண்டால் கம்பி கட்டுபவரிடம் நேராக உத்தரவு போடக்கூடாது. "அண்ணே, இந்த இடம் டிராயிங்ல மேல காட்டியிருக்கே, ஒருதரம் பாத்துருங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, உடனே அலுவலகத்துக்குப் படம் அனுப்புங்கள். முடிவு பொறியாளருடையது. மேஸ்திரியிடம் மரியாதையாகப் பேசுகிறவர் ஒரே மாதத்தில் கற்பது அதிகம். ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் அவர் பிடிக்கும் விதமே ஒரு பாடம்.

மறுநாள் கலவை கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றுவார்கள். வேலை சுலபமாகும், பலம் குறையும். அதையும் தகவலாகச் சொல்லுங்கள். பலம் சோதிக்க அதே கலவையில் 150 மி.மீ. கியூப்கள் எடுத்தார்களா, மேலே தேதி எழுதினார்களா என்று கவனியுங்கள். அவற்றை 28ஆம் நாள் உடைத்துப் பார்ப்பார்கள்.

சைட்டுக்கு மூடிய ஷூவும் ஹெல்மெட்டும் கட்டாயம். சென்ட்ரிங் பலகையின் ஆணி செருப்பைத் துளைத்துவிடும். கழிப்பறை வசதி இருக்கிறதா என்று மாணவிகள் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது, பல சைட்டுகளில் இருக்காது.

கிளம்பும் முன்

தினமும் நான்கு வரி டைரி எழுதினால் கல்லூரி ரிப்போர்ட் தானாகவே தயாராகிவிடும். சான்றிதழில் தொடங்கிய நாள், முடிந்த நாள், செய்த வேலை, ஆர்க்கிடெக்டின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் வேண்டும். அதற்கான வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கடைசி வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். போர்ட்ஃபோலியோவில் வைக்க நினைக்கும் டிராயிங்குகளுக்கு அனுமதி கேளுங்கள். வீட்டுக்காரர் பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு, அலுவலகத்தின் பெயரையும் அதில் உங்கள் பங்கு எது என்பதையும் எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் பெயருக்கு முன்னால் 'ஆர்க்கிடெக்ட்' என்று மட்டும் இப்போதே போட்டுக்கொள்ளாதீர்கள். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி அந்தப் பட்டம் பதிவு பெற்றவர்களுக்கு உரியது, மீறினால் அபராதம் உண்டு.