டிங்கிள் சாப்பல்ல ஹாரி கிளார்க் கண்ணாடியை எப்படி பாக்கணும்

அயர்லாந்து போறவங்க நிறைய பேர் டிங்கிள்ல கடலை பாத்துட்டு மீன் சாப்பிட்டுட்டு கெளம்பிடுறாங்க, ஆனா ஊருக்குள்ளயே கன்னியாஸ்திரிகள் குடியிருந்த பழைய பிரசன்டேஷன் மடம் ஒண்ணு இருக்கு, இப்போ டீஷார்ட் (Díseart)னு சொல்றாங்க, அதோட சாப்பலை, அதாவது உள்ள இருக்குற சின்ன ஜெபக்கூடத்தை, மட்டும் விட்டுடாதீங்க. (நம்ம சென்னை சர்ச் பார்க் ஸ்கூலும் இதே பிரசன்டேஷன் சபை தான், 1842லயே மெட்ராஸ் வந்தவங்க.) 1922ல, நாடே உள்நாட்டு சண்டைல கெடந்த வருஷத்துல, இந்த மடம் அயர்லாந்துக் கண்ணாடி ஓவியர் ஹாரி கிளார்க் கிட்ட ஆர்டர் குடுத்து செஞ்ச ஸ்டெயின்ட் கிளாஸ், அதாவது கலர் கண்ணாடில பண்ற ஜன்னல் ஓவியம் இது, ஆறு ஜன்னல், ஒவ்வொண்ணும் ரெட்டையா மொத்தம் பன்னெண்டு கண்ணாடி, எல்லாமே இயேசுவோட வாழ்க்கை.

முதல்ல நாள் பாத்து போங்க. சுள்ளுனு வெயில் அடிச்சா ஒரு பக்கம் கண்ணு கூசும், இன்னொரு பக்கம் மங்கலா தெரியும், லேசா மேகம் போட்ட நாள் தான் எல்லா கலரும் சமமா வரும், அயர்லாந்துல அதுக்கு பஞ்சமே இல்ல. உள்ள போனதும் போனை எடுக்காம பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, வெளி வெளிச்சத்துலேர்ந்து வந்த கண்ணு இருட்டுக்கு பழகணும்.

அப்புறம் கிட்ட போங்க. கதை என்னன்னு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல துணியை பாருங்க. குழந்தை இயேசுவை பாக்க வந்த ஞானிகளோட அங்கி முழுக்க நகைக்கடை மாதிரி பொடிப்பொடியா டிசைன் இருக்கும், அதெல்லாம் தனித்தனி துண்டு இல்ல. வெள்ளை கண்ணாடி மேல தோல் மாதிரி மெல்லிசா சிவப்போ நீலமோ ஒட்டியிருக்குற கண்ணாடியை எடுத்து, அரிக்கக்கூடாத இடத்தை மெழுகு மாதிரி பூசி மூடிட்டு, மிச்சத்தை ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ல அரிக்க விடுவாங்க. கொஞ்சம் அரிச்சா ரோஸ், முழுசா அரிச்சா வெள்ளை. அதனால ஒரே துண்டுல சிவப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் துண்டுகளை சேத்துப் பிடிக்கிற ஈயப் பட்டையே குறுக்க வராம போகும், அந்த இடத்தை ஒரு தடவை கண்டுபிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் எல்லா ஜன்னல்லயும் அதைத்தான் தேடுவீங்க. சில இடத்துல ரெண்டு கண்ணாடியை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு கலரை ஆழமாக்குறதும் கிளார்க்கோட பழக்கம். எட்டாத உயரத்துக்கு சின்ன பைனாகுலர் கொண்டு போங்க, ரொம்ப உதவும்.

அதுக்கப்புறம் முகம். பெரிய கண்ணு, நீள நீள விரல், ஒல்லியா இழுத்த உடம்பு, இதைப் பாத்து தான் சிலர் ஆர்ட் நூவோங்கறாங்க (கொடி மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போற பாணி), சிலர் ஆர்ட் டெகோங்கறாங்க (கோடு, கட்டம்னு ஒழுங்கா அடுக்கின டிசைன் பாணி). ஆர்ட் டெகோங்கற பேரே 1925 பாரிஸ் கண்காட்சியோட பேர்லேர்ந்து பின்னாடி வந்தது, என்னை கேட்டா இவர் ரெண்டுக்கும் நடுவுல நிக்கறார், துணி டிசைனை மட்டும் தனியா வெட்டி காட்டினா டெகோன்னு தான் சொல்வேன். 41 வயசுலயே காசநோய்ல போயிட்டார், 1931ல, அதை நெனச்சா மனசு கனக்கும்.

போட்டோ எடுக்க அனுமதி கேட்டுக்கோங்க, ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஃபிளாஷ் அடிச்சா கண்ணாடி கருப்பா தான் விழும். போன்ல ஜன்னலோட வெளிச்சமான இடத்தை தொட்டு பிரைட்னஸை நல்லா இறக்குங்க, சுவர் இருட்டாகட்டும் பரவால்ல, அப்போ தான் நீலம் வெளுக்காம நீலமாவே வரும்.