எம்பி3-யா, ஃபிளாக்கா: உங்கள் காதுக்கு ஒரு பரீட்சை

"எம்பி3 கேட்டா காது கூசுதுண்ணா, ஃபிளாக்தான் கேட்பேன்" என்று சொல்கிறவர்கள் வேலூரிலும் பெருகிவிட்டார்கள். இரண்டும் பாட்டைச் சுருக்கி வைக்கும் ஃபைல் வகை. எம்பி3 ஒலியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சுருக்கும், ஃபிளாக் எதையும் விடாமல் சுருக்கும். சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பதால் இந்தப் பேச்சு என்னிடம் அடிக்கடி வரும். நான் வாதாடுவதில்லை. ஃபைல் பெயரை மறைத்துப் போடுகிறேன், எது எதுன்னு சொல்லுப்பா என்பேன். அதையே வீட்டில் ஒழுங்காகச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் ஃபைல். முக்கால்வாசிப் பேர் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். எங்கோ இறக்கிய எம்பி3-யையும் வேறெங்கோ வாங்கிய ஃபிளாக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒன்று பழைய சிடியிலிருந்து எடுத்ததாக இருக்கும், மற்றது பின்னாளில் ரீமாஸ்டர் செய்து சத்தம் கூட்டியதாக இருக்கும். அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்கும், அதற்கும் ஃபிளாக்குக்கும் சம்பந்தமில்லை. ஒரிஜினல் சிடியிலிருந்து ஃபிளாக் எடுங்கள். அதே ஃபிளாக்கிலிருந்து, எம்பி3 செய்யும் லேம் என்ற சாஃப்ட்வேரில் (என்கோடர்) நொடிக்கு 128, 192, 320 கிலோபிட் என மூன்று எம்பி3 செய்யுங்கள். சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட் ஓடுகிறது. ஐந்து நிமிடப் பாட்டு சுருக்காமல் சுமார் 53 மெகாபைட், 128-இல் ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு சிடியில் 150 பாட்டு என்று ஒரு காலத்தில் விற்றார்களே, கணக்கு இதுதான்.

இன்னொன்று, அந்தப் பழைய எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றி வைத்துக்கொண்டு ஒரிஜினல் என்று நம்புகிறவர்களும் உண்டு. போனது திரும்பி வராது, ஃபைல்தான் வீங்கும். ஒலியில் கீழ்ச்சத்தம் முதல் மேல்சத்தம் வரை எவ்வளவு இருக்கிறது என்று படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஃபைலைத் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அரிவாளால் சீவிய மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது 128-இலிருந்து வந்த சரக்குதான்.

அடுத்து எந்தச் சத்தத்தை வைத்துச் சோதிப்பது? வயலின், கீபோர்டு, கோரஸ் எல்லாம் நெருக்கியடிக்கும் சினிமாப் பாட்டு வேண்டாம். உரத்த சத்தத்துக்கு அடியில் ஒளிகிற சின்னச் சத்தம் நம் காதுக்கு எட்டாது என்பதை வைத்துத்தான் எம்பி3 சுருக்குகிறது. நெரிசலான பாட்டில் அதன் வேலை சுலபம். அது தடுமாறுவது அமைதிக்கு நடுவில் பளீரென்று விழும் அடியில். எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுத்துக்கொள்கிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லி செகண்டு. சுருக்கும்போது உண்டாகும் பிசிறு துண்டு முழுக்கப் பரவும். அடி துண்டின் கடைசியில் விழுந்தால், அடிக்கு முன்னாலேயே பிசிறு கேட்டுவிடும். இதை முன் எதிரொலி என்கிறார்கள்.

நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதற்குச் சரக்குத் தேட வேண்டியதில்லை. கூத்தில் தாளம் போடுகிறவரின் ஜால்ரா போதும். என்னிடம் எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்து ஒன்றின் பதிவு இருக்கிறது, சுருக்காத வேவ் ஃபைலாகவே எடுத்தது. கட்டியக்காரன் பேசி முடித்து, முகவீணை என்கிற ஊதுகருவி இன்னும் எடுக்காத இடத்தில் ஜால்ரா மட்டும் விழும். ஃபிளாக்கில் 'ணங்' என்று ஓரம் கூராக நிற்கும். 128-இல் அதற்கு முன் 'ஸ்' என்று ஒரு மூச்சு நுழைந்து அந்தக் கூர் மழுங்கும். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் அப்புறம் தேடித் தேடி அதையே கேட்பீர்கள். கைதட்டலும் நல்ல பரீட்சைதான். குடியாத்தம் சிரசுத் திருவிழாவில் எடுத்த பம்பைச் சத்தம் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள். வேலூர் மே மாதத்தில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், அதனால் விடியற்காலையில் உட்காருங்கள். காட்பாடி ஸ்டேஷன் பக்கம் வீடு என்றால் கூட்ஸ் வண்டி போகும் வரை பொறுங்கள். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத் எதைக் கொடுத்தாலும் அதை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். சத்த அளவும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். துளி கூடுதலாக இருந்தாலும் அதுதான் 'நல்லா இருக்கு' என்று தோன்றும்.

கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயரைப் போட்டு, அதற்கான ஏபிஎக்ஸ் துணைச் செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ ஒரு ஃபைல், பி இன்னொன்று, எக்ஸ் இந்த இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். முழுப் பாட்டையும் ஓட்டாதீர்கள், காது அவ்வளவு நேரம் ஞாபகம் வைக்காது. மூன்று நான்கு நொடித் துண்டு போதும். 16 சுற்று என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவது கள்ளாட்டம். 12 சரி என்றால், குருட்டாம்போக்கில் அது அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கும் குறைவு. அப்போது உங்களுக்குக் கேட்கிறது என்று ஒத்துக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது என்றால் காசு சுண்டியதற்குச் சமம்.

கம்ப்யூட்டர் இல்லையா? அக்கா மகனைக் கூப்பிட்டு முதுகுக்குப் பின்னால் உட்கார வையுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் காசு சுண்டிப் போடட்டும். நடுவில் "கரெக்ட்டு மாமா" என்று மட்டும் சொல்லக் கூடாது.

128-ஐ ஜால்ராவில் பழகினவர்கள் பிடித்துவிடுகிறார்கள். 192-இல் திணறல் ஆரம்பிக்கும். நல்ல என்கோடரில் செய்த 320-இல், ஃபிளாக்தான் உயிர் என்கிறவர்களும் என்னிடம் காசு சுண்டும் கணக்கில்தான் நின்றார்கள், நானும் அப்படியே. வயதும் ஒரு காரணம். ஐம்பது தாண்டினால் 15 கிலோஹெர்ட்ஸ் பலருக்குக் கேட்காது, பள்ளிக்கூடப் பையனுக்குக் கேட்கும்.

அதற்காக ஃபிளாக் வீண் என்று நான் சொல்லவில்லை. கூத்துப் பதிவு, தாத்தா பேசிய பழைய கேசட் இதையெல்லாம் ஃபிளாக்கில்தான் வைக்க வேண்டும். நாளைக்கு வெட்டி ஒட்டினாலும் வேவ் மாதிரி வேறு ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் எதுவும் குறையாது. எம்பி3-யை மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். போனில் கேட்க 256 தாராளம், மிச்சக் காசை ஹெட்போனில் போடுங்கள்.

ஆடித் திருவிழாவுக்கு ஃபிளாக் நிரப்பிய பென்டிரைவோடு வரும் விழாக் குழுத் தம்பிகளுக்கு மட்டும் ஒன்று: மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் ஜால்ராவின் மேல்சத்தம் பாதி வராது, எங்கள் பழைய பிளேயர் ஃபிளாக்கைத் திறக்கவும் செய்யாது. எம்பி3-யாகவே கொண்டு வாருங்கள்.