வலி விட்டது என்று எழும்பி வேலைக்குப் போகாதீர்கள்

வேளாண்மை வெட்டு நேரம். படுவான்கரை வட்டைக்குப் போன பெரியப்பாவுக்கு வயிற்றைப் பிசைந்து வலி. வரம்பில் குந்தினார். கால்மணித்தியாலத்தில் வலி விட்டது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்படியே இரண்டு மாதம். “கேஸ்ரிக்தான், வேறென்ன” என்பார், நாங்களும் தலையாட்டினோம். கடைசியில் குடல் செருகல் என்றார்கள், காரணம் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி.

ஈரச் சட்டையைக் கழற்றும்போது கை உள்ளே இழுபட்டு மடியுமே, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைவதுதான் குடல் செருகல். கைக்குழந்தைகளிடம்தான் இது அதிகம். நூற்றில் 5 அளவுதான் பெரியவர்களுக்கு. ஆனால் பெரியவர்களின் பெருங்குடலில் செருகினால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பே கூட. சாப்பாட்டைத் தள்ளுவதுபோலவே குடல் கட்டியையும் தள்ளும். கட்டி தான் ஒட்டியிருக்கும் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். சிலவேளை தானாகவே விடுபடும். வலி வந்து வந்து போவது அதனால்தான். வலி நின்றது சுகமானதற்கு அடையாளமல்ல.

அடுத்த பிழை, பேதிக்குக் குடிப்பது. குடல் அடைபட்டிருக்கையில் ஆமணக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ உள்ளே போனால் குடல் இன்னும் வேகமாகத் தள்ளும், வலியும் வாந்தியும் கூடும், குடல் கிழியவும் கூடும். பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், காற்றுகூடப் பிரியவில்லை என்றால் ஒன்றும் குடிக்கக் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

மலத்தில் இரத்தம் என்றதும் மூலம் என்று நாமே முடிவுகட்டுவதும் வழமை. வலப்பக்கக் கட்டியில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். ஆள் வெளிறிக் களைப்பார், அவ்வளவுதான். பெரியப்பாவுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஐம்பது தாண்டிய ஆம்பிளைக்கு இரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும்தான்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதோடு விடவும் கூடாது. குடலில் காற்று நிறைந்தால் அது மறைத்துவிடும். சி.ரி. ஸ்கேனில்தான் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையம் வளையமாகத் தெளிவாகத் தெரியும்.

அப்புறம், “பிள்ளைகளுக்கு ஆசனவாயால் காற்றடித்தே செருகலை எடுக்கிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் வெட்ட வேண்டும்?” என்று சித்தப்பா சண்டை பிடித்தார். பெரியவர்களின் பெருங்குடலை அப்படி விடுவித்தால் நைந்த குடல் கிழியலாம், புற்றுநோய்க் கலங்கள் சிந்தலாம். அதனால்தான் செருகிய பகுதியை அப்படியே வெட்டி எடுக்கிறார்கள்.

தையல் ஆறியதும் கிளினிக்கை மறந்துவிடுவார்கள். வெட்டிய துண்டின் பரிசோதனை அறிக்கை வந்தால்தான் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற வேண்டுமா என்று தெரியும். கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எப்போது கமரா விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். அப்பாவுக்கு நாள் எடுத்தாயிற்று. அதற்கு முதல் நாள் சோறில்லை, தண்ணிச் சாப்பாடுதான் என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.