பீரோல கெடக்கற ஃபிளாப்பில இருந்து பழைய சாஃப்ட்வேரை புது லேப்டாப்புக்கு எடுக்கறது எப்படி

எங்க மாமா கிருஷ்ணகிரி பழையபேட்டைல மாங்கா மண்டி வச்சிருந்தாரு. போன மாசம் பீரோவை ஒழிச்சப்ப ரப்பர் பேண்ட் போட்ட பதினோரு ஃபிளாப்பி கெடைச்சுது, 1997ல யாரோ எழுதிக் குடுத்த பில்லிங் சாஃப்ட்வேரும் அந்த சீசன் கணக்கும் அதுல இருக்கு. "இது இன்னும் ஓடுமாடா?"ன்னாரு. நான் தப்பு தப்பா பண்ணித்தான் கத்துக்கிட்டேன், நீங்க அப்படி பண்ண வேணாம்.

மொதல்ல சைஸ் பாருங்க. சட்டை பாக்கெட்ல நிக்கற கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா மூன்றரை இஞ்ச், பெரும்பாலும் 1.44 எம்பி. இதுக்கு ஒரு யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் வாங்கி சொருகினா போதும், விண்டோஸ் 10லயும் 11லயும் தானா ஏ டிரைவா வந்துரும். பெருசா, வளையற மாதிரி இருந்தா அஞ்சேகால் இஞ்ச். அது இந்த டிரைவ்ல நுழையாது, அது தனி கதை.

உடனே டிரைவ்ல தள்ளிடாதீங்க. டிஸ்க் மூலைல குட்டியா நகர்ற ஒரு மூடி இருக்கும், ஓட்டை வழியா வெளிச்சம் தெரியற மாதிரி அதை நகர்த்துங்க, அப்பதான் கம்ப்யூட்டரால அதுல எதையும் எழுத முடியாது. எதிர் மூலைல மூடியே இல்லாம ஒரு ஓட்டை இருக்கும், அது 1.44ங்கறதுக்கு அடையாளம், அதை விட்டுருங்க.

அப்புறம் டிஸ்க் ஓரத்துல நகர்ற தகடு ஒன்னு இருக்கும், அதை விரலால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கம் நடுவுல இருக்கற இரும்பு வட்டத்தை மெல்ல சுத்துங்க. உள்ள ஃபிலிம் ஒரே மாதிரி பளபளன்னு இருக்கணும், விபூதி தெளிச்ச மாதிரி இருந்தா பூஞ்சை. எனக்கு மூணாவது டிஸ்க்ல அப்படி இருந்துது, கவனிக்காம போட்டேன், அந்த அழுக்கு டிரைவோட ஹெட்ல ஒட்டிக்கிச்சு, அடுத்து போட்ட நல்ல டிஸ்க்ல வட்டமா ஒரு கோடு கிழிச்சிருச்சு, அதுல இருந்தது போனது போனதுதான். பூஞ்சை இருந்தா மொபைல் சர்வீஸ் கடைல போர்டு கழுவ வச்சிருக்கற ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கொஞ்சம் வாங்கி, பஞ்சுக்குச்சில தொட்டு, ரெண்டு பக்கமும் அழுத்தாம தொடச்சு நல்லா காய விட்டுட்டு போடுங்க.

போட்டதும் விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணட்டுமா"ன்னு கேட்டா நோ மட்டும்தான்.

பைலை ஒவ்வொன்னா காப்பி பண்றதை விட முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜா, அதாவது அச்சு அசலா ஒரே பைலா எடுக்கறது நல்லது, ஏன்னா பழைய டிஸ்க் ஒரு தடவைதான் ஒழுங்கா படிக்க குடுக்கும்னு வச்சுக்கோங்க. அதுக்கு வின்இமேஜ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதைத் திறந்து டிஸ்க் மெனுல ஏ டிரைவை காட்டி ரீட் டிஸ்க் குடுங்க, முடிஞ்சதும் டிஸ்க் நம்பரை பேரா போட்டு சேவ் பண்ணுங்க. பைல் சைஸ் 14,74,560 பைட் வரணும்: 80 டிராக், 2 பக்கம், 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கிப் பாருங்க. நடுவுல கடக் கடக்னு சத்தம் போட்டு எரர் வந்தா எடுத்துட்டு திரும்ப போடுங்க, இல்லன்னா வேற டிரைவ்ல பாருங்க, ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்னு படிக்கறது சகஜம். லினக்ஸ் தெரிஞ்சவங்களுக்கு டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம் இருக்கு, கெட்ட இடத்தை தாண்டிப்போய் மத்ததை மொதல்ல எடுத்துக்கும்.

இமேஜ்ல இருக்கற பைலை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல எடுத்து வைங்க. டபுள் கிளிக் பண்ணா ஓடாது, இப்ப இருக்கற 64 பிட் விண்டோஸ்ல இந்த மாதிரி பழைய 16 பிட் புரோகிராம் ஓடாது. பழைய டாஸ் புரோகிராமை ஓட்டற டாஸ்பாக்ஸ் இன்ஸ்டால் பண்ணி, புரோகிராமை இழுத்து அதோட ஐகான் மேல போடுங்க, திறந்துரும். கணக்கு மட்டும் போதும்னா டிபிஎஃப்னு முடியற பைலைத் தேடி லிப்ரே ஆபிஸ் கால்க்ல திறங்க, அந்தக் காலத்து பில்லிங் சாஃப்ட்வேர் நெறைய ஃபாக்ஸ்ப்ரோவுலயும் கிளிப்பர்லயும் எழுதினது, டேட்டா எல்லாம் அந்த டிபிஎஃப் பைல்லதான் கெடக்கும்.

எங்களுது ஓடிருச்சு. நீல ஸ்க்ரீன், பில்லு மேல கிருஷ்ணகிரி, தர்மபுரி டிஸ்ட்ரிக்ட்னு இருக்கு, 2004லதானே மாவட்டம் பிரிஞ்சுது. மாமா கண்ணாடியை மேல தூக்கிக்கிட்டு பெங்களூரா, செந்தூரான்னு மாங்கா ரகத்தை ஒவ்வொரு வரியா படிச்சிட்டே வந்தவரு பாக்கி லிஸ்ட்ல ஒரு பேர்கிட்ட நின்னுட்டாரு. "இவன் இன்னும் தரலடா. பிரிண்ட் எடு."