கருத்து வரைபடத்துக்கு நியாயமான மதிப்பெண்: என் அனுபவம்

கருத்து வரைபடம் என்பது கருத்துகளைப் பெட்டிகளில் எழுதி, அவற்றின் தொடர்பைச் சொல்லும் சொல்லோடு அம்புக்கோடுகளால் இணைக்கும் படம். பார்மசி மாணவர்களின் கருத்து வரைபடங்களை மென்பொருள் திருத்தியபோது, நன்றாகப் படித்தவர்களுக்கே மதிப்பெண் குறைந்தது. மாதிரி வரைபடத்தின் சொல் அச்சு அசலாக வந்தால்தான் அது ஏற்றுக்கொண்டது. ‘பாராசிட்டமால்’ என்றால் முழு மதிப்பெண். ‘அசெட்டமினோஃபென்’ என்றால் பூஜ்யம். இரண்டும் ஒரே மருந்துதானே! மாற்றுப் பெயர்ப் பட்டியலைச் சேர்த்ததும் இது தீர்ந்தது.

அதைவிடப் பெரிய கோளாறு இணைப்புக் கோடுகளில் இருந்தது. வார்ஃபரின், வைட்டமின் கே-யின் செயலைத் தடுக்கும் மருந்து. இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின்மேல் ‘தூண்டுகிறது’ என்று தவறாக எழுதியிருந்தாலும், பெட்டிகள் சரியாக இருந்ததால் மதிப்பெண் கிடைத்தது. நோயாளியின் உயிரோடு தொடர்புடைய பிழை இது; விட்டுவிட மனம் வரவில்லை. இரு பெட்டிகளையும் இணைப்புச் சொல்லையும் அம்பின் திசையோடு ஒரே கூற்றாக ஒப்பிடும்படி மாற்றினேன். மாதிரியில் இல்லாத கூற்றுகளுக்கு மதிப்பெண் குறைக்காமல், அவற்றை என் பார்வைக்குத் தனியே ஒதுக்கவும் செய்தேன். மாணவர்கள் சொந்தமாக யோசித்த நல்ல இணைப்புகள் அங்கேதான் கிடைக்கின்றன.