ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மலச்சிக்கல்: எங்கள் வீட்டில் பலன் தந்த வழி, படிப்படியாக

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஐந்து வயதில் சில மாதங்கள், சாயங்காலம் ஆனாலே சோபாவின் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக் குப்புறக் கிடப்பான். தொட்டால் கடிப்பான். நடு ராத்திரியில் எழுந்து அழுவான். தெரபியில் அதை 'பிஹேவியர்' என்று எழுதினார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். வயிறு வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. உடம்பால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

உங்கள் குழந்தையின் நடத்தை திடீரென்று மாறினால் முதலில் வயிற்றைப் பாருங்கள். 2010-இல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் வந்த நிபுணர் குழு அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. மற்ற குழந்தைகளுக்கு வயிற்றுக்கோளாறு வந்தால் என்னென்ன பார்ப்பார்களோ, அத்தனையும் இவர்களுக்கும் பார்க்க வேண்டும். "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரிடம் போங்கள்.

படி 1: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

எப்போது போனான், எவ்வளவு, எப்படி இருந்தது, அன்றைக்கு அழுகை, கடி, தூக்கம் எப்படி. 'பிரிஸ்டல் அளவுகோல்' என்ற படம் இணையத்தில் கிடைக்கும், பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு வகை. 1 ஆட்டுப்புழுக்கை மாதிரி, 7 வெறும் தண்ணீர். 3, 4 வந்தால் நல்லது. 1, 2 என்றால் மலச்சிக்கல்.

இதற்கு ஆப் வேண்டாம். கழிவறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர், நூலில் கட்டிய பேனா போதும். பாட்டி, அப்பா, யார் கூட்டிப் போனாலும் ஒரு நம்பர் எழுதிவிடலாம்.

படி 2: ஜட்டியில் கறை என்றால் வயிற்றுப்போக்கு என்று முடிவு கட்டாதீர்கள்

நாங்கள் தவறியது இங்கேதான். ஒரு நாளில் நாலைந்து முறை ஜட்டியில் கொழகொழவென்று கறை. பேதி என்று நினைத்து வெறும் கஞ்சியும் வாழைக்காயும் கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

உள்ளே நடந்தது வேறு. இறுகிய மலம் மலக்குடலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, மேலிருந்து வரும் நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. குடல் விரிந்துபோனதால் 'வருகிறது' என்ற உணர்வே குறைந்துவிடுகிறது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்குத் தெரியவே இல்லை. டாக்டர் என் கையைப் பிடித்து அவன் அடிவயிற்றின் இடப்பக்கம் வைத்தார். தோலுக்கு அடியில் உருட்டி வைத்த களிமண் மாதிரி தட்டுப்பட்டது. ஜட்டிக்காக நான் அவனைத் திட்டிய நாட்களெல்லாம் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தன.

படி 3: முதலில் அடைப்பை எடுக்க வேண்டும்

இது டாக்டர் சொல்லும் அளவில்தான். பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ லாக்டுலோஸ் சிரப்போ தருவார்கள். என் ஓட்டு பொடிக்குத்தான். சிரப் ஒரே தித்திப்பு, இவனுக்கு வாயு வேறு வந்தது. பொடியிலும் இரண்டு வகை உண்டு. உப்புகள் சேர்த்தது கரிக்கும், சேர்க்காததற்குச் சுவையே கிடையாது. சுவையில் துளி மாறினாலும் டம்ளரைத் தள்ளிவிடும் குழந்தை என்றால் இதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். சொன்ன அளவு தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள்.

விளக்கெண்ணெய் வேண்டாம், வயிறு முறுக்கிப் பிடிக்கும். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதும் வேண்டாம். வலித்த இடத்தை இந்தக் குழந்தைகள் மறப்பதில்லை. அப்புறம் கழிவறைப் பக்கமே வர மாட்டார்கள், அடக்கி அடக்கி இன்னும் இறுகும்.

படி 4: சரியானதும் மருந்தை நிறுத்தாதீர்கள்

நான் மூன்றாவது வாரம் நிறுத்தினேன். பத்தே நாளில் மறுபடியும் சோபா கைப்பிடி. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர நாளாகும். குறைந்தது இரண்டு மாதம் தொடர வேண்டும், தொந்தரவு எதுவும் இல்லாமல் ஒரு மாதம் போன பிறகே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்பது 2014-இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நல மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதல். எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. "பழகிடும்" என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். இந்தப் பொடி குடலில் நீரைத் தக்கவைத்து மலத்தை இளக்குகிறது, அவ்வளவுதான்.

படி 5: சாப்பிட்டதும் உட்காரவைப்பது

சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும். அதனால் காலை, இரவு சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் ஐந்து நிமிடம். வெஸ்டர்ன் என்றால் காலுக்கடியில் முக்காலி கட்டாயம், முழங்கால் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். நாங்கள் கவிழ்த்த பிளாஸ்டிக் டப் வைத்தோம். சுவரில் இரண்டு படம்: முதலில் கழிவறை, அப்புறம் ஊஞ்சல். வந்தாலும் வராவிட்டாலும் ஊஞ்சல் உண்டு. உட்கார்ந்ததற்குத்தான் பரிசு.

படி 6: சாப்பாடு

வெள்ளைச் சோறு, தயிர், ஒரே பிராண்டு பிஸ்கட், நாளைக்கு ஒரு லிட்டர் பால். இதுதான் அவன் உலகம். பாலை அரை லிட்டருக்குள் கொண்டுவந்ததும் பசி வந்தது. தோசை மாவில் கால் ஸ்பூன் கேழ்வரகு மாவு கலந்தேன், வாரம் கால் ஸ்பூன் கூட்டினேன். நிறம் மாறியதை அவன் கவனித்த வாரம் ஒரு படி பின்வாங்கினேன். கொய்யா இன்னும் தொட மாட்டான். பப்பாளி மட்டும், அதுவும் கட்டமாக நறுக்கினால்.

கோதுமையும் பாலும் முழுக்க நிறுத்தினால் ஆட்டிசம் சரியாகும் என்பதற்கு ஆதாரமில்லை. ஏற்கெனவே ஐந்தாறு உணவில் வாழும் குழந்தையிடமிருந்து இன்னும் இரண்டைப் பிடுங்காதீர்கள். குளோரின் டையாக்சைடு குடிக்கவோ எனிமாவாகவோ கொடுக்கச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள், அது பிளீச்.

மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது, எடை குறைவது, காந்தமோ பட்டன் பேட்டரியோ விழுங்கிய சந்தேகம்: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனை.

பிறகு சேர்த்தது: டயப்பரில் மட்டும்தான் போகிறான், கழற்றினால் அடக்குகிறான் என்று பல அம்மாக்கள் கேட்டார்கள். டயப்பரைப் பிடுங்காதீர்கள். டயப்பரோடு கழிவறைக்குள் நிற்கட்டும். சில நாள் கழித்து டயப்பரோடு மூடிய சீட்டில், பிறகு திறந்த சீட்டில் உட்காரட்டும். அப்புறம் டயப்பரின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, வாராவாரம் பெரிதாக்குங்கள். இதெல்லாம் நடக்கும்போது மலம் இளகலாக இருக்க வேண்டும், அதனால் மருந்து தொடரட்டும்.

பள்ளிக் கழிவறையில் ஃபிளஷ் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கு: அவன் வெளியே வந்த பிறகு ஆயாம்மாவை ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.