வாளையார் சாவடி போச்சு, வரி எங்கே போச்சு?

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) வந்தது. தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வாளையாரில் மைல் கணக்கில் லாரிகளைக் காக்க வைத்த விற்பனை வரிச் சோதனைச் சாவடி அதன் பின் மூடப்பட்டது. சாவடியோடு மாநிலத்தின் வரி அதிகாரமும் போய்விட்டது என்று எல்லையின் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். முதல் தவறு அது. அதிகாரம், மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்களுக்கு எல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே மத்திய அரசை ஒதுக்கிவிட்டு மாநிலங்கள் எதையும் நிறைவேற்ற முடியாது. ஆனால் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து மாநிலத் தரப்பின் 31 உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டால், 12 பேர் எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும். தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை. (இது நியாயமா என்பது தனி வழக்கு!) வரி விகிதத்தைக் குறைக்கச் சொல்லி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கவுன்சிலில் உட்காரும் மாநில அமைச்சருக்கு அனுப்புங்கள்.

அடுத்தது, பொருள் செய்யும் ஊருக்கே வரி என்ற நினைப்பு. ஜிஎஸ்டி நுகரும் மாநிலத்துக்குப் போகிற வரி. பொள்ளாச்சிக் கடையில் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர் கட்டில் வாங்குகிறார், அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்று வையுங்கள். பில்லில் கேரளா என்று எழுதினால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி. மாநிலப் பங்கு கேரளாவுக்கு. முகவரியே எழுதாவிட்டால் சிஜிஎஸ்டியும் (மத்திய அரசின் வரி) எஸ்ஜிஎஸ்டியும் (மாநிலத்தின் வரி), பங்கு தமிழ்நாட்டுக்கு. 2023 அக்டோபர் 1 முதல் விதி இதுதான். ஐஜிஎஸ்டிக்குப் பதில் மற்ற இரண்டையோ, அவற்றுக்குப் பதில் ஐஜிஎஸ்டியையோ தலைப்பு மாற்றிக் கட்டிவிட்டால், சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, அன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பழையதைத் திரும்பக் கேட்கலாம். மறுபடி கட்டும் வரிக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை.

சாவடி இல்லை என்று வெறுங்கையோடு சரக்கு ஏற்றுவதும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் எல்லை தாண்டும் சரக்குக்கு இ-வே பில் (ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு) வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள். வழியில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்திப் பார்ப்பார்கள்.

பெட்ரோல், டீசல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே. இவற்றில் மாநிலத்தின் பழைய அதிகாரம் அப்படியே இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023இல் கேரளா பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 2 ரூபாய் செஸ் போட்டது. கேரளப் பதிவு வண்டிகள் பொள்ளாச்சி பக்கத்து எல்லை ஊரான கோபாலபுரம் தாண்டி வந்து டேங்க் நிரப்புவது ஏன் என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.